சிட்டையில் எழுதாத சாமான்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துக் கல்யாணங்களில் எழுத்து வேலை அதிகம். இரண்டு வீட்டாரும் சம்மதித்ததற்கு இசைகுடிமானம் எழுதுவார்கள். பெண்ணுக்கு வைக்கும் சாமான்களுக்குச் சிட்டை போடுவார்கள். வெள்ளிக் குத்துவிளக்கில் ஆரம்பித்து எவர்சில்வர் தூக்கு, மங்குச் சாமான், தடுக்கு, கரண்டி வரை ஒன்று விடாமல். மொய் எழுத நோட்டும் பேனாவுமாகத் தனியாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். பிற்காலத்தில் ஒரு சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க ஏதாவது ஒரு பெட்டியில் காகிதம் இருக்கும். வட்டிக் கணக்கில் வளர்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள், அந்தப் பழக்கம் கல்யாணத்துக்குள்ளும் வந்துவிட்டது போல.

இத்தனையும் எழுதியவர்கள், கட்டிக்கொள்ளப் போகிற இருவருக்கும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் கேட்டதில்லை. அவர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டதில்லை. என் கல்யாணத்திலும் அப்படித்தான். நெருக்கம் என்று நான் இங்கே சொல்வது கட்டில் சமாச்சாரம் மட்டும் இல்லை. அதை விலக்கிவிட்டும் பேசப் போவதில்லை. பேச்சு, தொடுகை, கூட இருப்பது, தனியாக விட்டுவைப்பது, உடம்பு எல்லாம் சேர்ந்ததுதான் அது. எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. சொந்தக்காரர்கள் படிப்பார்கள். படிக்கட்டும்.

செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர் என்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் அந்த வீடுகளில் பார்ப்பது வேறு. முகப்பு, பட்டாலை என்ற முன்கூடம், வளவு என்ற உள்முற்றம், இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரும்படி நீண்டு கிடக்கும் வீட்டில், கல்யாணமான ஒரு மகனுக்குப் பங்காக வருவது வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றோ, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டோதான். அதில் பாதி இடத்தை மனைவி கொண்டுவந்த சாமான் பிடித்துக்கொள்ளும். கதவைத் திறந்தால் நேரே வளவு, அங்கே மாமியார், கொழுந்தன் மனைவி, அண்ணன் மனைவியான அண்ணமிண்டி, வேலைக்காரர்கள், பிள்ளைகள். அந்தக் கதவு எப்போது சாத்துகிறது, எப்போது திறக்கிறது என்பது வீட்டுக்கே தெரியும்.

இதே ஊர்தான் கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் புதுஜோடியை 'வேறு வைத்தது'. ஒரே வளவுக்குள் தனி அடுப்பு, தனி வரவுசெலவு. கோயில் கணக்கிலும் அவர்கள் தனிப் புள்ளி. கூட்டுக் குடும்பத்தின் நடுவே கணவன் மனைவியை ஒரு தனிக் குடும்பமாக மதிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அடுப்பைப் பிரித்துக் கொடுத்தவர்கள் காதுகளைப் பிரித்துக் கொடுக்கவில்லை.

ஐயா, என் அப்பாவின் அப்பா, கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, பர்மாவுக்குப் போனவர். ஒரு கணக்கு, அதாவது ஒரு தடவை போய் இருக்கும் தவணை, என்றால் மூன்று வருஷம். மனைவியை அழைத்துப் போகும் வழக்கம் அப்போது பெரும்பாலும் கிடையாது. 1941 கடைசியில் ரங்கூனில் குண்டு விழுந்து எல்லாரும் ஓடிவரும் வரை, அப்பத்தாவின் தாம்பத்தியம் கடிதத்தில்தான் நடந்தது. அதையும் அவர் நேராகப் படித்ததில்லை. "கடுதாசி வந்தா மாமனார்தான் பட்டாலையில உக்காந்து படிப்பாக. கணக்கு, சரக்கு, உடம்பு சவுக்கியம் எல்லாம் முடிஞ்சு கடைசியில ஒரு வரி வரும், வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்னு. அந்த எல்லோர்ல நானும் ஒருத்தி ஆத்தா," என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அப்படிப்பட்ட வீட்டில் சாடையைத் தவிர வேறு வழி இல்லை. ஐயா ஊரில் இருக்கும் நாட்களில் அப்பத்தாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையிடம் சொல்வாராம். "உங்கப்பச்சிக்கு நம்ம ஞாபகம் எங்க இருக்கு" என்று பிள்ளைக்குச் சொன்னால் முகப்பில் இருக்கும் அப்பச்சிக்கு, அதாவது பிள்ளையின் அப்பாவுக்கு, போய்ச் சேரும். மாமியார் பூனையைத் திட்டினால் மருமகளுக்குப் புரியும். சங்க காலத்துத் தலைவிக்கும் தோழிதானே பேசினாள். பாணன் தூது போனான். நேரடியாகக் கேட்பது நம் மரபில் கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய காரியம். கேட்காமலே புரிந்துகொள்வதுதான் அன்பு என்று ஒரு எண்ணமும் ஊறிப்போயிருக்கிறது. பத்துப் பேர் நடமாடும் வளவில் அது புத்திசாலித்தனம். எனக்கு அந்தச் சாடைகள் மேல் மரியாதை உண்டு.

இப்போது நாங்கள் இருப்பது காரைக்குடியில் இரண்டு படுக்கையறை வீடு. பிள்ளைகள் வெளியூரில். மாமியார் கீழ் வீட்டில். கதவைச் சாத்தினால் கேட்க ஆள் இல்லை. அப்படியும் நான் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்துத்தான் கோபத்தைச் சொல்கிறேன், என் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டித்தான் பதில் சொல்கிறார். வீடு மாறிவிட்டது, பேச்சு மட்டும் வளவிலேயே இருக்கிறது.

இது எனக்குத் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது அவர் சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த பிறகுதான். அங்கே இருந்தபோது தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போனில் பேசுவோம். அவருக்கு வேறு வேலை இருக்காது, எனக்கும் இருக்காது. முகத்தைப் பார்த்துக்கொண்டு, இன்று என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று பேசுவோம். ஊரோடு வந்துவிட்டார், எல்லோரும் என்னைப் பாக்கியசாலி என்றார்கள். நானும்தான் நினைத்தேன். வந்த பிறகு பார்த்தால் நாள் முழுவதும் ஒரே வீட்டில் இருக்கிறோம், அந்த ராத்திரிப் பேச்சு காணாமல் போய்விட்டது. கூடவே இருக்கும்போது எதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டோம். கடல் தாண்டி இருந்தவர் பக்கத்து அறைக்கு வந்ததும் தூரம் கூடிவிட்டது. வெளிநாட்டிலிருந்து கணவர் திரும்பி வந்த பல வீடுகளில் இதே கதையைக் கேட்டிருக்கிறேன், சொல்பவர்கள் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு நாளாயிற்று. 'அவர் என்னைக் கவனிப்பதில்லை' என்பது குற்றச்சாட்டு. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அவர் இல்லை என்பார், நான் ஆமாம் என்பேன். எனக்கு உதவியது வேறொரு கேள்வி. கடைசியாக இவரோடு மனசு நிறைந்து இருந்தது எப்போது? அன்று என்ன நடந்தது? யோசித்துப் பார்த்தால் எனக்கு ஞாபகம் வந்தவை பெரிய விஷயங்களே இல்லை. கரண்ட் போன ஒரு ராத்திரி மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருந்தது. காய்ச்சலில் கிடந்தபோது அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே இருந்தது. என் தம்பி விஷயத்தில் நான் புலம்பியபோது, "நீ சொல்றது சரிதான், எனக்கா இருந்தாலும் வலிச்சிருக்கும்" என்று சொன்னது.

இதற்குப் பிறகு இது பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஹாரி ரைஸ், பிலிப் ஷேவர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1988-இல் நெருக்கம் எப்படி உண்டாகிறது என்று ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஒருவர் தன் உள்ளே இருப்பதில் கொஞ்சத்தைத் திறந்து காட்டுகிறார். மற்றவர் அதற்கு எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என்னைப் புரிந்துகொண்டார், நான் உணர்வதை மதித்தார், என் மேல் அக்கறை இருக்கிறது என்று முதலாமவருக்குப் பட்டால்தான் நெருக்கம் வளரும். வெறுமனே மனதைக் கொட்டிவிட்டால் போதாது. படித்ததும் அந்த மூன்று ஞாபகங்களும் எனக்கு விளங்கிவிட்டன. எனக்கு வேண்டியது நகையோ சினிமாவோ இல்லை; சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டதற்கு ஒரு அடையாளம். அப்புறம், எதற்கும் முன்னோட்டமாக இல்லாத ஒரு தொடுகை.

அவரையும் இதே கேள்வியைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "பிள்ளையார்பட்டிக்குக் காரில் போய் வருவோமே, அது" என்றார். அந்தப் பயணங்களில் நாங்கள் அதிகம் பேசுவதே இல்லை! அவருக்கு வேண்டியிருந்தது அதுதான். யாரும் எதுவும் கேட்காமல் கூட ஒரு ஆள் இருப்பது. சிங்கப்பூரில் எட்டுப் பேர் தங்கிய அறையில் இருந்தவருக்கு, வீட்டுக்குள் நுழைந்ததும் கேள்விகள் வரிசையாக வந்தால் மூச்சு முட்டுகிறதாம். நான் அன்பு என்று நினைத்துக் கேட்ட கேள்விகள் அவருக்கு விசாரணை. அவர் நிம்மதி என்று நினைத்து இருந்த மௌனம் எனக்குத் தண்டனை. இதில் யார் சரி என்று பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் ஒதுங்குவதும், ஒதுங்க ஒதுங்க முதலாமவர் இன்னும் துரத்துவதும் உலகம் முழுக்கத் தம்பதிகளிடம் பார்க்கிற ஒன்றாம். அமெரிக்க உளவியலாளர் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் இதைப் பல காலம் ஆராய்ந்திருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டதே பாதிப் பாரத்தைக் குறைத்தது. எங்கள் வீட்டு வியாதி இல்லை, ஊர் ஜுரம்தான்.

சரி, தெரிந்துகொண்டாயிற்று. சொல்வது எப்படி?

இடம் முக்கியம் என்பது என் அனுபவம். எதிரெதிரே உட்கார்ந்து "உங்ககிட்டப் பேசணும்" என்று ஆரம்பித்தால் அவர் முகம் வரிக் கட்டச் சொன்னது போல ஆகிவிடும். கார் ஓட்டும்போது அப்படி இல்லை. இருவர் கண்ணும் சாலையில் இருக்கும், கைக்கு ஒரு வேலை இருக்கும், பிள்ளையார்பட்டி வருவதற்குள் பேச்சு முடிந்துவிடும் என்ற தைரியமும் இருக்கும். எங்கள் முக்கியமான பேச்சுகள் பலவும் குன்றக்குடி ரோட்டில் நடந்தவைதான். தூங்கப் போகும் நேரமும் சண்டையின் உச்சமும் இதற்கு ஆகாது. பசி வேளையும் ஆகாது, இது என் சொந்தச் சேர்க்கை.

அடுத்தது, கேட்பது கையில் எடுக்கும்படி இருக்க வேண்டும். "நீங்க எப்பவுமே என்கூடப் பேசுறதில்ல" என்றால் அவருக்கு 'எப்பவுமே' மட்டும்தான் காதில் விழும். போன வாரம் பேசிய ஒரு நாளை எடுத்துக் காட்டுவார், வழக்கு ஆரம்பமாகும். "ராத்திரி சாப்பிட்டதும் கால் மணி நேரம் போனைக் கீழ வச்சுட்டு மாடியில உக்காரலாமா? எனக்கு அது வேணும்" என்று கேட்டேன். அவரால் ஆமாம் என்றும் சொல்ல முடியும், இல்லை என்றும் சொல்ல முடியும். அவர் சொன்னது: "வந்த உடனே வேணாம். ஒரு அரை மணி நேரம் என்னை விட்டுரு, அப்புறம் வர்றேன்." அந்த அரை மணி நேரம்தான் அவர் கேட்டது. நான் கேட்டதைப் போலவே அதுவும் ஒரு கேட்பு. இல்லை என்று சொல்ல இடம் வைக்காமல் கேட்டால் அது உத்தரவு. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். பெரிய பேச்சுகளை விடச் சின்னச் சின்ன அழைப்புகளில்தான் நாள் ஓடுகிறது. "இந்தக் குருவியைப் பாரேன்" என்று ஒருவர் சொல்வதே ஒரு அழைப்புதான். நிமிர்ந்து பார்த்தால் போதும். ஜான் காட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் புதுத் தம்பதிகளைக் கவனித்து ஆறு வருஷம் கழித்து மறுபடி விசாரித்தார். சேர்ந்தே இருந்தவர்கள் இப்படிப்பட்ட சின்ன அழைப்புகளில் 86 சதவீதத்துக்குத் திரும்பிப் பார்த்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்குத்தான். அமெரிக்காவின் கணக்கு காரைக்குடிக்கு அப்படியே பொருந்துமா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் போனிலிருந்து நிமிராமலே "ம்" என்று சொல்லப்பட்டவர்களுக்கு இதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

இப்போது, எல்லோரும் சுற்றிச் சுற்றிப் போகும் இடத்துக்கு வருகிறேன்.

உடம்பு சார்ந்த நெருக்கத்தில் ஒருவருக்கு ஆசை கூடவும் மற்றவருக்குக் குறைவாகவும் இருப்பது சாதாரணம். அதைப் பேசாமல் விட்டால் ஒரு விநோதம் நடக்கும். அவர் தோளில் கை வைத்தாலே இது எங்கே போய் முடியும் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். அதனால் தோளையும் நகர்த்திக்கொண்டேன். அவருக்கு, நான் அவரையே வேண்டாம் என்பதாகப் பட்டது. எனக்கு மிகவும் வேண்டியிருந்த சும்மாத் தொடுகையே எங்கள் வீட்டை விட்டுப் போனது இப்படித்தான். இதைக் காரில் வைத்துத்தான் சொன்னேன்: "கையைப் பிடிச்சா பிடிச்சதோட நிக்கணும்னு சில நாள் எனக்கு வேணும். அப்பதான் நான் பயமில்லாம உங்க பக்கத்துல வருவேன்." அவர் ரொம்ப தூரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். "நீங்களும் கேட்டிருக்கலாம்" என்றேன். இரண்டும் உண்மை.

ஆசை முதலில் தானாக வந்து, அதற்குப் பிறகுதான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரோஸ்மேரி பேசன் என்ற கனடா மருத்துவர் 2000-இல் எழுதியதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பல பெண்களுக்கு, முக்கியமாக நீண்ட கால உறவில், ஆசை முன்னால் வருவதில்லை. மனசு இளகி, தொடுகையும் பாதுகாப்பான உணர்வும் வந்த பிறகு அதற்கு எதிர்வினையாகத்தான் ஆசை எழும். அது குறைபாடு இல்லை, அதுவும் ஒரு வழி. இதைச் சாக்காக வைத்து, 'ஆரம்பித்தால் தானாக வந்துவிடும்' என்று யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மனைவியே ஆனாலும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "இன்னைக்கு வேணாம், ஞாயித்துக்கிழமை பாக்கலாமா" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் மறுப்பு ஆளை மறுத்ததாக ஆகாது.

மருத்துவமும் இதில் இருக்கிறது. மாதவிலக்கு நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து பிறப்புறுப்பு வறண்டு, உறவு வலி தரலாம். வலித்தால் யாருக்குத்தான் ஆசை வரும்? அதற்கு ஈரப்பசைக் களிம்பு மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது, மகப்பேறு மருத்துவரிடம் கேட்டால் வேறு சிகிச்சையும் சொல்வார். ஆண்களுக்கு நீரிழிவால் விறைப்பு குறைவது சகஜம். அதே குறை சில சமயம் இதய நோய்க்கு முன்னறிவிப்பாகவும் இருக்கும் என்பதால் மறைத்து வைப்பது ஆபத்து. சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் ஆசையைக் குறைக்கும். தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். எங்கள் ஊரில் ஆண்கள் சர்க்கரை அளவைத் தெருவில் நின்று சொல்வார்கள், இதை மட்டும் மனைவியிடம் கூடச் சொல்ல மாட்டார்கள். அவள் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்பாள்.

பயம் இருக்கும் வீட்டுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. வாயைத் திறந்தால் அடி விழும் என்றால், பேசத் தெரியாததா பிரச்சினை? அப்படிப்பட்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

கணவன் மனைவியோடு இது நிற்பதும் இல்லை. என் ஆச்சி, கூடப் பிறந்த அக்கா, எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் உடனே ஒரு யோசனை சொல்வார். பாதி பேசும்போதே யார் யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கோயிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் வந்துவிடும். அவருக்கு அது அன்பு. பெங்களூரில் இருக்கும் என் மகள்தான் ஒரு நாள் போனில், "அம்மா, உங்களுக்கு யோசனை வேணுமா, நான் கேட்டா மட்டும் போதுமா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஆச்சியிடம் இப்போது ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: "ஆச்சி, இன்னைக்கு யோசனை வேணாம், சும்மா கேளுங்க." அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான் பேசி முடித்ததும், "இப்பச் சொல்லலாமா?" என்பார். சொல்லச் சொல்வேன். அவருக்கும் வேண்டியது ஒன்று இருக்கிறதே.

கடைசியாக ஒரு விஷயம். இதற்காக என்னை விசாரிக்காத சொந்தக்காரர் இல்லை. நானும் அவரும் இப்போது தனித்தனி அறையில் தூங்குகிறோம். அவர் குறட்டை, என் வியர்வை, ஃபேனை எத்தனையில் வைப்பது என்ற தீராத வழக்கு. தூக்கம் கெட்டு மறுநாள் முழுவதும் சிடுசிடுவென்று இருப்பதை விட இது மேல் என்று இருவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தோம். காலைக் காபி மட்டும் அவர் அறையில், அவர் கட்டிலில் உட்கார்ந்து, போன் இரண்டும் கூடத்தில். அது நான் வைத்த நிபந்தனை. காபி அவர்தான் போட வேண்டும் என்பதும் நான் வைத்ததுதான். அதில் இன்னும் பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் வந்திருந்த ஆச்சி இரண்டு அறையிலும் படுக்கை விரித்திருந்ததைப் பார்த்துவிட்டு, அடுப்படிக்கு வந்து என் காதருகே, "என்னத்தா, மாப்பிள்ளைக்கும் உனக்கும் எதுவும் மனத்தாங்கலா?" என்றார். என் கணவருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்: "சண்டை இல்ல ஆச்சி, குறட்டை."

கூடத்திலிருந்து, "அவளும் விடுவா, கேட்டுப் பாருங்க" என்று பதில் வந்தது.